சாளைக்காரர் துமா

போன மாதம் புதுச்சேரித் தெருப்பெயர்களைப் பற்றி எழுதும்போது, துமா வீதி என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவனிடம் பிரெஞ்சுப் பெயரைக் காட்டினால் சும்மா விடுவானா? இந்த மாதம் முழுக்க இந்த ஒரு பெயர்தான். வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தோடு புதுச்சேரி வந்திருந்தோம். துமா வீதியில் எங்களை நிறுத்தி, "'மூன்று மஸ்கட்டியர்கள்' எழுதினாரே, அவர் பெயரில் உள்ள தெரு" என்றார் வழிகாட்டி. பிள்ளைகள் பலகைக்கு முன்னால் நின்று படமெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது உண்மைதானா?
– ஒரு வாசகி, சேலம்

படத்தை அழிக்க வேண்டாம் அம்மா, அதன் கீழே எழுதியதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அந்தத் தெரு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவின் பெயரில் இல்லை. 1735 முதல் 1741 வரை புதுச்சேரியில் கவர்னராக இருந்த பியேர் பெனுவா துமாவின் பெயரில் இருக்கிறது. எழுத்தாளர் பிறந்ததே 1802-ல்தான்.

வழிகாட்டியையும் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். அதே பகுதியில் ரொமேன் ரோலான் வீதி இருக்கிறது. அவர் உண்மையிலேயே எழுத்தாளர், நோபல் பரிசு வாங்கியவர், காந்தியைப் பற்றி நூல் எழுதியவர். ஒரு தெரு எழுத்தாளருக்கு என்றால் பக்கத்துத் தெருவும் அப்படித்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

கவர்னர் துமா லேசுப்பட்ட ஆள் இல்லை. நம்மவர்கள் துய்ப்ளேயைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் துய்ப்ளே உட்கார்ந்த நாற்காலியைச் செய்து வைத்துவிட்டுப் போனவர் இவர். 1736-ல் புதுச்சேரியிலேயே ரூபாய் நாணயம் அடிக்கும் உரிமையை வாங்கினார். 1739-ல் தஞ்சை அரசரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியது 1736 செப்டம்பரில். அப்போது கவர்னர் மாளிகையில் இருந்தவர் இந்தத் துமாதான்.

அவரைப் பற்றி எனக்குப் பிடித்த கதை 1740-ல் நடந்தது. மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே கர்நாடகத்துக்குள் படையோடு இறங்கினார். தாமல்செருவுக் கணவாயில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கொல்லப்பட்டார். நவாபின் குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும், அவர் மருமகன் சந்தா சாகிபின் மனைவி மக்களும் புதுச்சேரிக்கு ஓடி வந்து அடைக்கலம் கேட்டார்கள். துமா கோட்டைக் கதவைத் திறந்து விட்டார். அவர்களை ஒப்படை, பணத்தைக் கட்டு என்று மராட்டியர் மிரட்டியபோது இரண்டையும் மறுத்தார். அதற்குப் பரிசாக முகலாயப் பேரரசரிடமிருந்து நவாப் பட்டமே வந்தது. மராட்டியத் தளபதிக்கு இவர் அனுப்பிய இனிப்பு மதுப்புட்டிகள்தான் சண்டையைத் தணித்தன என்றும் ஒரு கதை உண்டு. அதைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ளாமல் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள், ருசியாக இருக்கிறது.

அடுத்த முறை வந்தால் அந்தத் தெருவில் இருக்கும் கப்ஸ் கோயில் என்ற கத்தோலிக்கத் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

துமா என்றால் என்ன அர்த்தம்? சாதிப் பெயரா, ஊர்ப் பெயரா, தொழில் பெயரா?
– ஒரு வாசகர், பெருந்துறை

கேள்வியை அனுப்பியவர் பெருந்துறைக்காரர் என்பதால் என் வேலை சுலபம். என் மனைவி கோபிப் பக்கத்துப் பெண். கல்யாணமான புதிதில் அவள் "எங்க சாளையிலே" என்று எதையாவது சொல்லும்போதெல்லாம் எனக்கு விளங்காது. ஊருக்குள் இருக்கும் வீடு வேறு, தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும் பண்ணை வீடு வேறு, அந்த இரண்டாவதுதான் சாளை என்று பிறகு தெரிந்துகொண்டேன். துமா என்ற பெயரை ஒரே வார்த்தையில் மொழிபெயர்க்கச் சொன்னால் "சாளைக்காரர்" என்பேன்.

தென் பிரான்சில் பேசப்பட்ட மொழி ஒக்சித்தான். அதில் "மா" அல்லது "மாஸ்" என்றால் வயலுக்கும் தோப்புக்கும் நடுவில் தனியாக நிற்கும் பண்ணை வீடு. கல்லால் கட்டியது. ப்ரொவான்ஸ் பகுதியில் வடக்கிலிருந்து மிஸ்த்ரால் என்ற குளிர்காற்று பேயாக அடிக்கும். அதனால் அங்கே வீட்டின் முகம் தெற்கே பார்த்திருக்கும், வடக்குச் சுவரில் ஜன்னலே இருக்காது, இருந்தாலும் கைக்குட்டை அளவுதான். செவென் மலைப்பக்கத்து வீடுகளில் மேல்மாடியில் பட்டுப்புழு வளர்ப்பார்கள். (இந்தப் பட்டுப்புழுவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு விஞ்ஞானியோடு திரும்ப வரும்.) அந்த "மா"வுக்கு முன்னால் பிரெஞ்சு "து" சேர்ந்தால், பண்ணை வீட்டிலிருந்து வந்தவர், பண்ணை வீட்டைச் சேர்ந்தவர். ஒரு கிராமத்தில் நான்கு பியேர் இருந்தால் எந்தப் பியேர் என்று கேட்பார்கள். அந்தப் பண்ணை வீட்டுப் பியேர். அவ்வளவுதான் விஷயம். நம் ஊரில் மேல வீட்டார், மச்சு வீட்டுக்காரர் என்று சொல்வதில்லையா? நம்மிடம் அது பேச்சோடு நின்றது. அவர்களிடம் பதிவேட்டில் ஏறிவிட்டது.

இந்த "மா" லத்தீனின் மான்சுஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. தங்குதல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து கிளைத்த சொல். பிரெஞ்சில் வீட்டைக் குறிக்கும் "மேஸோன்" அதே வேர். ஆங்கிலத்து மேன்ஷனும் அதே வேர். ஆக, திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறுக்கு எட்டு அறையில் மூன்று பேராகக் குடியிருந்த பிரம்மச்சாரிகள் எல்லோருமே சொல்லளவில் துமாவுக்குப் பங்காளிகள். நானும் 1976-ல் எட்டு மாதம் இருந்திருக்கிறேன்.

தெல்மாஸ் என்று ஒரு குடும்பப் பெயரைப் பார்த்தால் அதுவும் இதுவே. அது சுத்தமான ஒக்சித்தான் வடிவம், துமா பிரெஞ்சு மயமான வடிவம். சின்னப் பண்ணை வீடு என்றால் மஸே. வடக்கே நார்மண்டிப் பக்கம் போனால் கிட்டத்தட்ட இதே பொருளில் துமெனில் என்ற பெயர் இருக்கிறது. பண்ணை வீடுகள் தெற்கில் ஏராளமாக இருந்ததால், ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாத ஏராளமான துமாக்கள் உண்டானார்கள். இரண்டு துமாக்களைப் பார்த்து "நீங்கள் சொந்தமா?" என்று கேட்பது, இரண்டு தோட்டத்து வீட்டுக்காரர்களைப் பார்த்து அப்படிக் கேட்பது போலத்தான்.

பிரான்சில் இப்படிப்பட்ட அடைமொழிகள் மெல்ல மெல்லப் பரம்பரைப் பெயராக இறுகின. அதற்கு உதவிய சட்டங்களில் ஒன்று 1539-ல் முதலாம் பிரான்சுவா மன்னர் பிறப்பித்த கட்டளை. ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும், அரசாங்க ஆவணங்களைப் பிரெஞ்சில் எழுத வேண்டும் என்றது அது. மன்னர் அதில் கையெழுத்திட்ட ஊரின் பெயர் வில்லேர்-கொத்ரே. பாரீசுக்கு வடகிழக்கே இருக்கும் சின்ன ஊர். இந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் ஒன் வேதியியலில் நைட்ரஜனை அளக்க "டூமாஸ் முறை" என்று படித்தோம். தெருவில் துமா, புத்தகத்தில் டூமாஸ். எது சரி? அந்த டூமாஸ் யார்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பிரெஞ்சில் இந்தப் பெயரின் கடைசி "ஸ்" ஒலிக்காது. முதல் எழுத்து து-வுக்கும் தி-க்கும் நடுவில், உதட்டைக் குவித்துக்கொண்டு "தி" சொன்னால் வருகிற ஒலி. புதுச்சேரிக்காரர்கள் இதற்காகவே "துய்" என்று எழுதப் பழகினோம், துய்ப்ளே என்று எழுதுவது அதனால்தான். துய்மா என்று எழுதினால் இன்னும் கிட்ட வரும். கண்ணுக்குப் பழக்கமில்லை என்று நான் துமா என்றே எழுதுகிறேன். வேடிக்கை என்னவென்றால், தெல்மாஸில் அந்த "ஸ்" ஒலிக்கும். தெற்கத்திப் பெயர் தெற்கத்தி உச்சரிப்பையே வைத்துக்கொண்டது.

தேர்வில் மட்டும் டூமாஸ் என்றே எழுதுங்கள். திருத்துகிற ஆசிரியரிடம் பிரெஞ்சு உச்சரிப்பை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அந்த டூமாஸின் முழுப்பெயர் ழான்-பத்தீஸ்த் துமா. 1800 ஜூலையில் அலே என்ற ஊரில் பிறந்தார். அலே செவென் மலையடிவாரத்தில் இருக்கிறது. அதாவது பண்ணை வீடுகளின் சொந்த நாட்டில். நம் பட்டியலில் பெயருக்கும் பிறந்த மண்ணுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறவர் இவர்தான். மருந்துக்கடையில் எடுபிடியாகத் தொடங்கி, ஜெனீவா போய், பிறகு பாரீஸ் வந்து பிரான்சின் பெரிய வேதியியல் ஆசான் ஆனார். நீங்கள் படித்த முறை இதுதான்: பொருளைக் காப்பர் ஆக்சைடோடு கார்பன் டை ஆக்சைடு சூழலில் எரித்து, வெளிவரும் வாயுக்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியே விட்டால் நைட்ரஜன் மட்டும் மேலே சேரும், அதை அளந்துகொள்ளலாம். கிட்டத்தட்ட 200 வருடப் பழைய முறை. இன்றும் தானியத்திலும் பாலிலும் எவ்வளவு புரதம் என்று பார்க்கும் கருவிகள் இவர் பெயரிலேயே விற்பனையாகின்றன.

இவரைப் பற்றிய மெழுகுவர்த்திக் கதையை என் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. பிரெஞ்சு இலக்கண வகுப்பில் எதற்கு வேதியியல் என்று தலைமையாசிரியர் ஒருமுறை கேட்டார். சரி, கதை இது. மன்னர் பத்தாம் சார்லஸ் காலத்தில் துய்லரி அரண்மனையில் ஒரு விருந்து. மெழுகுவர்த்திகளை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் விருந்தினர் எல்லோருக்கும் கண் எரிச்சல், இருமல். செவ்ர் பீங்கான் ஆலையின் இயக்குநர் ப்ரோஞ்ஞாரிடம் விசாரிக்கச் சொன்னார்கள். அவர் தம் மருமகனிடம் ஒப்படைத்தார். மருமகன் நம் துமா. மெழுகை வெள்ளையாக்க வியாபாரிகள் குளோரின் போட்டிருக்கிறார்கள். அந்தக் குளோரின் மெழுகின் மூலக்கூறில் ஹைட்ரஜனை எழுப்பிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. எரிக்கும்போது ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாக வெளியேறி மகாராணிகளின் தொண்டையைப் பிடித்தது. ஒரு அணுவை எடுத்துவிட்டு இன்னொன்றை உட்கார வைக்கலாம் என்ற பதிலீட்டுக் கொள்கை இதிலிருந்து வளர்ந்தது.

எல்லோரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. 1840-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஃப்ரீட்ரிஷ் வோலர் ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினார். ஒரு சேர்மத்தில் இருக்கும் எல்லா அணுக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் குளோரினை வைத்தேன், குணம் மாறவே இல்லை, லண்டன் கடைகளில் குளோரினாலேயே நெய்த துணி விற்கிறார்களாம் என்று. அடியில் அவர் போட்ட புனைபெயரைச் சேர்த்து வாசித்தால் ஜெர்மனில் "எத்தன்" என்று வரும். இப்படிக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் எதிராளி பெரிய ஆளாக இருக்க வேண்டும்.

பட்டுப்புழு பாக்கி இருக்கிறது. 1865-ல் தெற்கே பட்டுப்புழுக்கள் நோயில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. அப்போது செனட்டராக இருந்த துமா, சொந்த ஊர் அழிகிறதே என்று தம் பழைய மாணவரை வற்புறுத்தி அலேக்கு அனுப்பினார். நான் பட்டுப்புழுவைத் தொட்டதுகூட இல்லையே என்றார் மாணவர். பரவாயில்லை, போ என்றார் குரு. அந்த மாணவர் லூயி பாஸ்டர். ஈஃபல் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் இந்தத் துமாவின் பெயரும் இருக்கிறது.

எழுத்தாளர் துமா கறுப்பினத்தவர் என்கிறார்களே? அப்படியானால் இந்தப் பிரெஞ்சுப் பண்ணை வீட்டுப் பெயர் அவருக்கு எப்படி வந்தது?
– ஒரு வாசகி, மதுரை

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான்.

பாட்டனாரிடமிருந்து தொடங்குகிறேன். நார்மண்டிக்காரர், பிரபு குலம். அலெக்சாந்தர் அந்துவான் தவி த லா பையத்ரி என்று மூச்சு முட்டும் பெயர். பிழைப்புத் தேடி, இன்று ஹைட்டி என்று அழைக்கப்படும் சேன்-தொமேங் தீவுக்குப் போனார். கரும்பும் காப்பியும் அடிமைகளின் ரத்தத்தில் விளைந்த பிரெஞ்சுக் காலனி அது. அங்கே மரி-செஸெத் என்ற ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கினார். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தன. 1762-ல் ழெரெமி என்ற ஊரில் பிறந்தவன் தொமா-அலெக்சாந்தர். அந்தப் பெண்ணின் பெயர் ஆவணங்களில் மரி-செஸெத் துமா என்று வருகிறது.

தென் பிரான்சுப் பண்ணை வீட்டுப் பெயர் அவளுக்கு எப்படி வந்தது? "து மா" என்பது அவளுக்குக் குடும்பப் பெயரே அல்ல, "பண்ணையைச் சேர்ந்தவள்" என்ற வெறும் அடையாளமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. அலேக்காரருக்கு அந்தப் பெயர் "எங்களுக்கு ஒரு வீடு இருந்தது" என்று சொல்கிறது. இந்தக் கருத்து சரியென்றால், அவளுக்கு அதே இரண்டு அசை "இந்தப் பண்ணையின் சொத்து" என்று சொல்லியிருக்கிறது. தமிழிலும் பண்ணைக்காரர் வேறு, பண்ணையாள் வேறு இல்லையா? பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே "து".

அப்பாவுக்கு ஊர் திரும்பக் கையில் காசில்லை. மகனைத் திரும்ப மீட்டுக்கொள்ளும் உரிமையோடு ஒரு கப்பல் தலைவனிடம் விற்றார். அடகு வைத்தார் என்றே சொல்லலாம். சொத்து கைக்கு வந்தபின் மீட்டு, 1776-ல் மகனைப் பிரான்சுக்கு வரவழைத்தார். வாள்வித்தை, குதிரை, நல்ல உடுப்பு எல்லாம் கிடைத்தது. ஆனால் 1786-ல் அந்தக் கிழவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் மனக்கசப்பு. மகன் சாதாரணச் சிப்பாயாகக் குதிரைப் படையில் சேரப் போகிறேன் என்றான். சேர்ந்துகொள், ஆனால் என் குலப்பெயரைக் கீழ்ப்படிப் பட்டாளத்தில் இழுக்காதே என்றார் அப்பா.

அவன் பதிவேட்டில் அம்மாவின் பெயரைக் கொடுத்தான். அலெக்சாந்தர் துமா. வயது 24. அப்பா சில நாட்களிலேயே இறந்து போனார்.

ஏழே வருடத்தில், 1793-ல், அந்தச் சிப்பாய் தளபதி. பிரெஞ்சுப் படையில் அந்த உயரத்துக்குப் போன முதல் கறுப்பினக் கலப்பு மனிதர். ஆல்ப்ஸ் மலையில் ஒரு பாலத்தைத் தனியாளாக நின்று காத்தார் என்று ரோமப் புராண வீரனின் பெயரால் அழைத்தார்கள். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய், அவரோடு ஒத்துப்போகாமல் திரும்பும் வழியில் இத்தாலியில் தரந்தோவில் பிடிபட்டு, இரண்டு வருடம் சிறையில் கிடந்தார். வெளியே வந்தபோது உடம்பு போய்விட்டது. 1806-ல் இறந்தார். அவர் மனைவிக்கு ஓய்வூதியம் கூடக் கிடைக்கவில்லை.

மனைவி ஒரு விடுதிக்காரரின் மகள். அவளுடைய ஊர் எது தெரியுமா? வில்லேர்-கொத்ரே. பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்ன கட்டளை பிறந்த அதே ஊரில், 1802 ஜூலை 24 அன்று அவர்களுக்குப் பிறந்த பையன்தான் நீங்கள் கேட்கும் எழுத்தாளர். ஒக்சித்தான் பேசாத வடக்கு ஊர், "மா" என்ற வீடே கிடையாது. அப்பா சாகும்போது பையனுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. 1844 முதல் 1846 வரை பத்திரிகையில் தொடராக வந்த 'மாண்டி கிறிஸ்டோ'வில் செய்யாத குற்றத்துக்காக ஒருவன் சிறையில் கிடக்கிறானே, அதன் வித்து தரந்தோவில் விழுந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆக, உலகத்தில் மிகப் பிரபலமான துமா, தந்தைவழி எண்ணினால் துமாவே இல்லை. பிரபு குலத்துப் பெயர் இன்று ஆராய்ச்சிக்காரருக்கும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்கும்தான் தெரியும். விலைக்கு வாங்கப்பட்ட அடிமைப் பெண்ணின் பெயரை, 2002 நவம்பர் 30 அன்று, குடியரசுத் தலைவர் ஷிராக் முன்னிலையில், நீல வெல்வெட் போர்த்திய எழுத்தாளரின் சவப்பெட்டியோடு, நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாரீசின் பாந்தெயோனுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாரீசில் மூன்று துமாக்களின் சதுக்கம் என்று மக்கள் சொன்ன ஓர் இடம் உண்டு. தளபதி, எழுத்தாளர், எழுத்தாளரின் மகன், மூவருக்கும் அங்கே சிலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்தபோது தளபதியின் சிலையை மட்டும் உருக்கிவிட்டார்கள். 2009-ல் அங்கே அடிமைகளின் கால் விலங்கைப் பிரம்மாண்டமான உருவில் செய்து வைத்தார்கள். என் தம்பி அங்கே என்னை அழைத்துப்போனபோது, அவன் பேத்தி அந்த விலங்குக்குள் நுழைந்து நுழைந்து ஓடிக்கொண்டிருந்தாள். அதட்டலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

நூலகத்தில் "துமா பேர்", "துமா ஃபிஸ்" என்று இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார்கள். என்ன வித்தியாசம்?
– ஒரு மாணவி, திருச்சி

பேர் என்றால் அப்பா, ஃபிஸ் என்றால் மகன். இருவரும் அலெக்சாந்தர், இருவரும் எழுத்தாளர், வேறு வழியில்லை. மகன் 1824-ல் ஒரு தையல்காரப் பெண்ணுக்குப் பிறந்தவர். அப்பா அவளைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பையனை மகன் என்று சட்டப்படி ஏற்று, பெயரைக் கொடுத்தது 1831-ல். அதுவரை ஏழு வருடம் இவரும் துமா இல்லை! தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை என்று பள்ளியில் பட்ட அவமானம் மகனின் நாடகங்களில் திரும்பத் திரும்ப வரும். 1848-ல் அவர் எழுதிய 'காமீலியாப் பெண்' நாவல்தான் பிறகு வெர்தியின் 'லா த்ராவியாதா' இசை நாடகம் ஆனது.

அப்பாவுக்குக் கடைசிவரை கிடைக்காத பிரெஞ்சு அகாதெமி நாற்காலி மகனுக்கு 1874-ல் கிடைத்தது. அடுத்த வருடம் அதே அகாதெமிக்கு வேதியியல் துமாவும் தேர்வானார். உறவே இல்லாத இரண்டு துமாக்கள் ஒரே அவையில்.

வேறு துமாக்கள் உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

உண்டு. சட்டென்று சொல்கிறேன். ரொலான் துமா, லிமோஜில் பிறந்தவர், குடியரசுத் தலைவர் மித்தரான் காலத்தில் வெளியுறவு அமைச்சர், பிக்காசோவின் வழக்கறிஞர். 2024-ல் 101 வயதில் காலமானார். அமெரிக்கக் கறுப்பின வீரர் சார்லஸ் டூமாஸ், 1956-ல் உயரம் தாண்டுதலில் ஏழு அடியைத் தாண்டிய முதல் மனிதர், அதே ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் தங்கம்.

நல்லவர்களையே சொன்னால் சமன் ஆகாது. ரெனே-பிரான்சுவா துமா, பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர நாட்களில் புரட்சி நீதிமன்றத்தின் தலைவர். வேதியியலின் தந்தை லவாசியேயை 1794 மே மாதம் கில்லட்டினுக்கு அனுப்பியது அந்த நீதிமன்றம்தான். (அன்றைய அமர்வை நடத்தியவர் துணைத் தலைவர் கொஃபினால், அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஜூலையில் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியேரோடு இந்தத் துமாவின் தலையும் போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து லவாசியேயின் எழுத்துகளைத் தேடிச் சேர்த்து அரசுச் செலவில் பதிப்பித்தவர் யார் என்கிறீர்கள்? நம் மெழுகுவர்த்தித் துமா.

எங்கள் ஊரிலும் புதுச்சேரியிலும் சில தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருக்கிறதே, அது எப்படி வந்தது? உங்களுக்கு ஏன் இல்லை?
– ஒரு வாசகர், காரைக்கால்

1881 செப்டம்பரில் ஒரு அரசாணை வந்தது. இந்து, முஸ்லிம் தனிநபர் வழக்காறுகளை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் வரலாம், ஆனால் வழிவழியாகத் தொடரும் ஒரு குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்றது. அப்படிப் போனவர்களை ரெனோன்சான் என்பார்கள், துறந்தவர்கள். பெயரை அவர்களே தேர்ந்துகொள்ளலாம். முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல் ஐரோப்பியர் போலக் காலுறையும் பூட்சும் போட்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காக நீதிபதி அவரை வாதாட விடவில்லை. பாரீஸ்வரை வழக்கை எடுத்துப்போய் ஜெயித்தார். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லாப்போர்த். கதவு என்று அர்த்தம். உள்ளே விடாதவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். சைகோனில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர். ஆனாலும் துறக்கவில்லை. அதனால் எனக்கு இனிஷியல்தான். தம்பி மட்டும் 1974-ல் பாரீஸ் போனான். அங்கே ஓர் அலுவலகத்தில் படிவத்தைப் பார்த்த அம்மையார், குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறதே என்று கேட்டார். இவன் அப்பா பெயரைச் சொன்னான். எழுதிவிட்டார்கள். இவன் மகன் கோவிந்தசாமி, மருமகள் கோவிந்தசாமி, மேலே விலங்குக்குள் ஓடிய பேத்தி மத்மசேல் கோவிந்தசாமி. பள்ளியில் ஆசிரியை அந்தப் பெயரை முழுதாகச் சொல்ல ஒரு மாதம் ஆயிற்றாம். எங்கள் அப்பா கோவிந்தசாமி மண்டித் தெருவில் அரிசி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர், பெரிய மீசை. அந்தக் குட்டி தன் சித்திரப் புத்தகத்தின் அட்டையில் அந்தப் பெயரை எழுதி, "சாமி" இடம் போதாமல் அடுத்த வரிக்குப் போயிருந்ததைத் தம்பி எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான்.